ஒரு கோடியை மூன்றால் வகுத்தல்

ஒரு கோடியை மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். யாரும் சொல்லித்தராமல் நானாகக் கண்டுபிடித்த முதல் உண்மை இதுதான். அதனால் அந்த எண்ணின் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு தனிப் பாசம் உண்டு. பாசம் என்ற சொல் சரியானதா என்பதைக் கடைசி வரை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று, அதன் பக்கத்தில் ஏழு பூஜ்யம். பார்க்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஆனால் இரண்டையும் ஐந்தையும் தவிர வேறு எந்தப் பகா எண்ணையும் அது தனக்குள் விடாது. இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். நாலு பேர், ஐந்து பேர், எட்டு பேர், பத்து பேர் என்றாலும் சண்டை வராது. மூன்று பேர் வந்தால் ஆகாது. ஆறு பேருக்கும் ஒன்பது பேருக்கும் ஆகாது. ஏழு பேர் வந்தால் மூன்று மிஞ்சி நிற்கும். ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டல் மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்று ஐந்தாம் வகுப்பில் டீச்சர் போர்டில் எழுதிப்போட்டார். வகுப்பே அதை நோட்டில் எழுதிக்கொண்டு மறந்துபோனது. எனக்கு மட்டும் அன்றிலிருந்து காய்ச்சல் பிடித்ததுபோல ஆகிவிட்டது. பஸ் டிக்கெட், லாரியின் பின்பக்கம், காலண்டர் தேதி, எதைப் பார்த்தாலும் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கோடியின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்று. எத்தனை பூஜ்யத்தைக் கொண்டுவந்து பின்னால் ஒட்டினாலும் அதே ஒன்று. அந்த ஒன்றைக் கரைக்கவே முடியாது என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள். பெரியப்பாவின் பையன்கள் இருவரும் வெளியூர் விடுதியில் படித்ததால் வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான். செட்டியார்பட்டிப் பக்கம் எங்களுக்குத் தறிக்கூடம் இருந்தது. நெய்தது பேண்டேஜ் துணி. எங்கெங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகளில் யார் யாருடைய உடைந்த கையிலும் காலிலுமோ சுற்றப்போகிற துணி. அதில் பழுதானதெல்லாம் வீட்டுக்கு வரும். காப்பி வடிகட்டுவது அதில், கரிச்சட்டி பிடிப்பது அதில், என் பொம்மைக்குச் சேலை அதில். சாமி படத்துக்குத் திரை கூட அதுதான், மஞ்சளில் முக்கி எடுத்தது.

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி நாலு வருடம் ஆகியிருந்தது. சித்திக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவளுக்குப் பிள்ளை இல்லை என்பது வீட்டில் ஒரு கூடுதல் மனிதரைப் போல நடமாடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அதற்கு வழிவிட்டுத்தான் நடப்பார்கள்.

ஒரு மதியம் ஆண்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேச மாட்டாள். என்ன சொல்வதானாலும் ரசச் சட்டியைப் பார்த்துத்தான் சொல்வாள். அன்றைக்கும் ரசச் சட்டியிடம் சொன்னாள்.

“சின்னவ மதுரைக்குப் போயி ஒரு டாக்டரப் பாக்கணும்ங்கா. ரெண்டு பேரும் சேந்து போனாத்தான் பாப்பாங்களாம்.”

“ரெண்டு பேருமா?” என்று பெரியப்பா கேட்டார். “எந்த ரெண்டு பேரு?”

சித்தப்பாவின் தலை இலையைத் தொடுமளவுக்குக் குனிந்தது. தறிக்கூடத்தில் இருபது ஆளை வேலை வாங்குகிறவர். அண்ணன் முன்னால் மட்டும் அவருக்குக் கழுத்தில் எலும்பு இருக்காது.

பெரியப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார். “பொம்பளைக மூணு பேருமா ஒக்காந்து ஸ்ரீராமஜெயம் எழுதுங்க. கோடி. கோடி முடியட்டும். பொறவு ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி எல்லாம் பாத்துக்கிடலாம். அதுக்குத் தேவையே வராது.”

“லச்சம் எழுதுனாப் போதாதா?” என்றாள் அம்மா, ரசச் சட்டியிடம். “எங்க வீட்ல எல்லாம் லச்சம்தான்...”

“லச்சம் எல்லா வீட்லயும் எழுதுதாக. இது வம்சம் தழைக்கதுக்கு. கோடி.”

இந்த இடத்தில் நான் எழுந்து குதித்தேன். எனக்கு வேறு வழி இல்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாகப் பெரியவர்கள் என் எண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள்.

“பெரியப்பா! மூணு பேரு எழுதுனா ஒண்ணு மிஞ்சும்!”

“என்னட்டி சொல்லுத?”

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் வகுத்தே காட்டினேன். முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று. வரிசையாக ஏழு மூன்றுகள். கீழே ஓர் ஒற்றை ஒன்று. பெரியப்பா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டுச் சிரித்தார். “தம்பி, ஒம் மகளத் தறிக்கூடத்துக்கு அனுப்புடா. அவதான் சரியான ஆளு.” அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“சரி, அந்த மீதி ஒண்ண யாரு எழுத?” என்றாள் பெரியம்மா. “நான் ரெண்டு பெத்து இறக்குனவ. என் பங்குக்கு மேல ஒரு எழுத்து எழுத மாட்டேன், ஆமா.”

“சின்னவ எழுதட்டும்” என்றார் பெரியப்பா. “அவளுக்காகத்தான எல்லாரும் கை நோக எழுதப்போறாக.”

அடுக்களை நிலையில் சித்தி சாய்ந்து நின்றிருந்தாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான் கண்டுபிடித்த ஒன்று அவளுக்குப் போவதில் எனக்கு ரொம்பத் திருப்தி. அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஆள் அவள்தான்.

மூன்று நீள நோட்டு வந்தது. பெரியம்மா அவற்றைப் பேண்டேஜ் துணியில் தனித்தனியாகச் சுற்றி, மூலையில் குங்குமம் வைத்து, வீட்டின் முன்கூடமான பட்டாசாலையில் சாமி படத்துக்குக் கீழே இருந்த பலகையில் அடுக்கினாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுவார்கள். பெரியம்மா உதட்டை அசைத்து எழுதுவாள். அம்மா நடுவில் தூங்கி விழுந்து, பேனாவால் சேலையில் கோடு இழுத்துக்கொள்வாள். சித்தியின் எழுத்து மட்டும் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் வித்தியாசம் இல்லாமல் இருக்கும். எழுதி முடித்தால் நோட்டுகள் திறந்தபடியே பலகைக்குப் போகும், மை காயட்டும் என்று. மறுநாளும் எழுத வேண்டும் அல்லவா.

ஆனால் மாதத்தில் மூன்று நாள் ஒவ்வொருவருடைய நோட்டும் அவரவர் முறை வரும்போது துணி சுற்றிக் கட்டியபடி இருக்கும். அந்த நாட்களில் சாமி பெயரை எழுதக் கூடாது. காக்கா தொட்டுவிட்டது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மாவின் நோட்டு கட்டிக் கிடந்தாலோ பெரியம்மாவுடையது கட்டிக் கிடந்தாலோ யாரும் கண்டுகொள்வதில்லை. சித்தியின் நோட்டு கட்டிக் கிடந்தால் வீடே ஒரு மாதிரி ஆகிவிடும். பெரியம்மா பாத்திரங்களை நங்கென்று வைப்பாள். சாயங்காலம் பெரியப்பா உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும் கால் கழுவப் போகும் முன் பலகையைத்தான் பார்ப்பார். துணி வாங்க வந்த தரகர் கூட ஒருநாள் பலகையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

எனக்கும் அந்த நாட்களில் வருத்தமாகத்தான் இருக்கும். மூன்று நாள் கணக்கு வீணாகிறதே என்று.

ஒருநாள் அம்மா தூங்கிவிட்டாள், பெரியம்மா மாவு அரைக்கப் போய்விட்டாள். சித்தி எழுதிக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, அந்தக் கடைசி ஒண்ண நான் எழுதைல நீ எத்தனாம் வகுப்பு படிச்சிக்கிட்டு இருப்ப?”

என்ன கேள்வி! இந்தக் கேள்வி எனக்கே தோன்றாமல் போயிற்றே என்று ஆத்திரமாக வந்தது. அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்துவந்து சித்தியின் முன்னால் வைத்தேன். நிமிடத்துக்கு ஆறு எழுதினாள். அடுக்களை வேலை போக, துணி மடிக்கிற வேலை போக, உட்கார முடிகிற நேரத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு என்று வைத்துக்கொண்டேன். பென்சிலை இரண்டு தடவை சீவினேன்.

“பதினெட்டு வருசம் மூணு மாசம் சித்தி.”

சித்தியின் பேனா நின்றது.

“அது தெனமும் எழுதுனாத்தான். காக்கா தொடுற நாளக் கழிச்சிட்டா இருபது வருசம், மூணு மாசம். நான் படிச்சே முடிச்சிருப்பேன்! எனக்கு முப்பது வயசு ஆயிரும். ஒங்களுக்கு எம்புட்டு சித்தி?”

“நாப்பத்தஞ்சு.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அம்மா தூக்கத்தில் அசைந்தாள். சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, செத்த நேரம் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கணக்கு சரிதானா? இன்னொரு மட்டம் போட்டுப் பாரு” என்றாள்.

போட்டேன். சரியாகத்தான் இருந்தது.

“லச்சம்னா?”

“மூணு பேருமா எழுதுனா அறுவத்தேழு நாளு. தீபாவளிக்கு முன்னாடியே முடிஞ்சிரும். ஆனா அதுலயும் ஒண்ணு மிஞ்சும் சித்தி! பத்து லச்சத்துலயும் மிஞ்சும். எதுலயுமே போகாது!”

“போகாதுல்லா?” என்றாள். பிறகு, “ஒங்க பெரியப்பாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாம இருக்குமா?”

“பெரியப்பாவுக்கா? ஒரு பேல் நூலப் பாத்தாலே அதுல எத்தன மீட்டரு துணி வரும், எத்தன தறி எத்தன நாளு ஓடணும்னு பேப்பரு இல்லாமச் சொல்லிருவாக!”

“அதான்” என்றாள் சித்தி. பெரியப்பாவைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மறுபடி எழுத ஆரம்பித்தாள். அதே சீரான எழுத்து.

அடுத்த மாதம் சித்தியின் நோட்டைத் துணி சுற்றவில்லை.

இதை முதலில் கவனித்தது பெரியம்மா. இரண்டாம் நாள் பலகைப் பக்கம் ஏதோ எடுப்பதுபோல இரண்டு தடவை போய்வந்தாள். ஐந்தாம் நாள் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அன்றிலிருந்து வீட்டின் வாடையே மாறியது. சித்தி குடத்தைத் தூக்கப் போனால் ரெண்டு பேர் ஓடிவந்தார்கள். பெரியப்பா செருப்பைக் கழற்றினார், பலகையைப் பார்த்தார், அடுத்த நாள் ஒரு பை மாதுளம்பழத்தோடு வந்தார். “சின்னவளுக்கு மொதல்ல குடு” என்று பொதுவாகச் சொன்னார். சித்தப்பா தறிக்கூடத்துக்கு மொபெட்டில் போகும்போது விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சித்தி ஒன்றுமே சொல்லவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொடுத்த மாதுளம்பழத்தை எனக்குப் பாதி உதிர்த்துக் கொடுத்துவிட்டு, மதியம் வழக்கம்போல உட்கார்ந்து எழுதினாள். அவ்வளவுதான். எல்லாவற்றையும் அந்தத் திறந்த நோட்டுதான் சொன்னது. அதைப் படிக்க அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மற்றதை மறைக்க அவளுக்கு ஒன்றும் சிரமம் இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. பேண்டேஜ் துணிக்கு எங்கள் வீட்டில் என்றைக்குக் குறைச்சல்?

இரண்டு வாரம் போனதும் பெரியம்மாவே சொன்னாள், “ஒரு எட்டு டாக்டரம்மாட்ட காட்டிட்டு வந்துருவோம்.” ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். அப்படியே சித்தியின் அம்மா வீட்டிலும் சேதியைச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஏற்பாடு. கோடி முடியாமல் ஆஸ்பத்திரி இல்லை என்ற பேச்சை யாரும் நினைவுபடுத்தவில்லை. பெரியப்பாவே பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொடுத்தார்.

நானும் போனேன். பஸ்ஸில் சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காற்றில் முடி பறக்க, பள்ளிக்கூடத்துச் சுற்றுலா போகிற பிள்ளையைப் போல இருந்தாள். “டிக்கெட் நம்பரு மூணால வகுபடுதா பாரு” என்று என்னிடம் நீட்டினாள். வகுபட்டது. “நல்ல சகுனம்” என்று கண்ணடித்தாள்.

டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். எதிரில் கண்ணாடி அலமாரியில் பேண்டேஜ் சுருள்கள் அடுக்கியிருந்தன. நெசவைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. “அக்கா, இது எங்க துணி!” என்று நர்ஸிடம் சொன்னேன். “அப்படியா, தொடாத” என்றாள் நர்ஸ்.

கதவுக்குப் பதில் பச்சைத் துணிதான் தொங்கியது. பேச்செல்லாம் வெளியே கேட்டது.

“உண்டாகலியேம்மா. நாள் தள்ளிப்போச்சுன்னு யாரு சொன்னா?”

“தள்ளிப்போகல டாக்டர்” என்றாள் சித்தி. “எனக்குத் தெரியும். நான் அதுக்கு வரல.”

பெரியம்மா “ஏட்டி!” என்றாள். ஒரு கத்தியை மிதித்துவிட்டதுபோல.

அதன் பிறகு சித்தி தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினாள். டாக்டர் நடுநடுவே கேள்வி கேட்டார். கடைசியில் டாக்டரின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. “ஒனக்குப் பாக்க வேண்டியத வரிசையாப் பாப்போம். ஆனா மொதல்ல ஒன் வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா. அவருக்குப் பாக்கிறதுதான் லேசு. ஒரே நாள்ல தெரிஞ்சிரும்.”

“எங்க வீட்டு ஆம்பளைக அதுக்கெல்லாம் வர மாட்டாக” என்றாள் பெரியம்மா.

“ஏன், வந்தா என்ன?” என்றார் டாக்டர்.

சித்தியின் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி வருகையில் பஸ்ஸில் பெரியம்மா தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் சித்தியிடம் டிக்கெட்டைக் கேட்டேன். கொடுத்தாள். அது வகுபடவில்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பட்டாசாலையில் எல்லாரும் கூடினார்கள். டாக்டர் சொன்னதைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று சித்தி நினைத்திருப்பாள். ஒருவரும் பேசவில்லை. பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அந்த மூணு நாளும் எழுதிருக்கா, இல்லயா?”

பெரியம்மா தலையை ஆட்டினாள்.

“தீட்டோட சாமி பேர எழுதிருக்கா. அம்புட்டும் போச்சு. மூணு நோட்டும் செல்லாது. ஒண்ணுலருந்து திரும்ப ஆரம்பிங்க.”

பெரியம்மா ஓவென்று அழுதாள். அத்தனை மதியம் முதுகு வலிக்க எழுதியது. அவள் பங்குக்கு அவள் ஏமாற்றவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரசச் சட்டி இல்லை.

சித்தி சித்தப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். அத்தனை பேர் முன்னிலையில் அவரிடம் அவள் நேராகப் பேசி நான் பார்த்தது அப்போதுதான்.

“ஒரு நாளு. என் கூட பஸ்ஸுல வந்து எறங்குங்க, போதும். கொறை என்கிட்டன்னா இந்தப் பலகைக்கு அடியிலயே கெடந்து ஆயுசுக்கும் எழுதுதேன்.”

சித்தப்பா பெரியப்பாவைப் பார்த்தார்.

“எங்க வம்சத்துல ஆம்பள எவனும் அந்த வாசல்ல போயி நின்னதில்ல” என்றார் பெரியப்பா.

“அந்த வாசலுக்குப் போற துணிய வித்துத்தான எல்லாரும் சோறு திங்கோம்” என்றாள் சித்தி.

அப்பா என்னைப் பார்த்து, “நீ போயிப் படி” என்றார். நான் போகவில்லை. சித்தப்பா அப்போதாவது நிமிர்வார் என்று காத்திருந்தேன். அவர் தரையில் கிடந்த ஒரு நூல் பிசிறை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

சாமி பெயர் எழுதிய நோட்டை எரிக்கக் கூடாதாம். கல் வைத்துக் கட்டிக் கண்மாயில் போட்டார்கள்.

அந்த வாரமே சித்தியின் அண்ணன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தகரப்பெட்டி, ஒரு பை. வாசலில் என் தலையில் கைவைத்து, “யாரு கேட்டாலும் விடையச் சரியாச் சொல்லணும், என்ன?” என்றாள். நான் தலையாட்டினேன். பரீட்சையைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நாலைந்து நாளில் திரும்பி வந்துவிடுவாள் என்றும் நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன வெளிநாடா? பஸ் ஏறினால் கால் வலிக்கும் முன் வந்துவிடலாம்.

நாலைந்து நாள் கழித்து வந்தது புது நோட்டுதான். இந்தத் தடவை இரண்டு. பெரியம்மா பேண்டேஜ் துணியில் சுற்றிக் குங்குமம் வைத்தாள். அப்போது சாப்பாட்டு நேரம். அம்மா எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள். எனக்குள் திடீரென்று வெளிச்சம் அடித்தது.

“அம்மா! இப்பச் சரியா வகுபடுது! ஆளுக்கு ஐம்பது லச்சம். மீதியே இல்ல!”

அம்மா சோற்றுக் கையாலேயே என் கன்னத்தில் அறைந்தாள். பருக்கை காதுக்குள் போயிற்று. அவள் அதற்கு முன்பு என்னை அடித்ததே இல்லை. நான் வீறிட்டு அழுதேன். வலியைவிட அநியாயம்தான் தாங்க முடியவில்லை. விடை சரியாக இருந்தும் அடித்தால் பிறகு எதற்குப் படிப்பது? பெரியப்பா மட்டும், “பிள்ளைய ஏன் அடிக்க, உள்ளதத்தான சொன்னா” என்று மோர் கேட்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் பெரியவர்களின் வேகத்தில் நடந்தது. இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் கூடிப் பேசினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். குறை யாரிடம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கேட்டதற்கு, “தீட்டோட சாமி பேரு எழுதுனவ” என்று பதில் போயிற்றாம். அது போதுமானதாக இருந்திருக்கிறது. ஒரு வருடம் திரும்புவதற்குள் சித்தப்பாவுக்கு மகாராஜபுரத்தில் பெண் எடுத்தார்கள். கல்யாணத்தில் எனக்குப் பட்டுப்பாவாடை கிடைத்தது. நான் கணக்கில் எப்போதும் முதல் என்று பெரியப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது கணக்கில் பட்டம் வாங்கி, அதற்கு மேலும் படித்துக்கொண்டிருக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அந்தப் பலகை அப்படியே இருக்கிறது. கோடி முடியவில்லை. புதுச் சித்திக்கும் பிள்ளை இல்லை. அவளுக்கும் முப்பது தாண்டிவிட்டது. சித்தப்பா இன்னும் அந்த வாசலுக்குப் போகவில்லை. பழைய சித்தி என்னவானாள் என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். “நல்லாருக்காளாம்” என்று ரசச் சட்டியிடம் சொன்னாள். கோடி என்பது சில வீடுகளில் ஒரு எண் அல்ல, முடியாது என்று சொல்வதற்கான மரியாதையான வழி என்பது எனக்குப் புரிய ஒரு பட்டம் வாங்க வேண்டியிருந்தது. சித்திக்கு அது ஒரு மதியத்தில் புரிந்திருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது புதுச் சித்தி வந்த புதிதில் நடந்தது. பத்தொன்பது வயது. மூக்குத்தி புதிது, பேச்சில் கூச்சம் தெளியவில்லை. மூன்றாவது நோட்டு வந்தது, துணி சுற்றினார்கள், குங்குமம் வைத்தார்கள். நான் காலண்டர் தாளை எடுத்து வகுத்துப் பார்த்தேன். அதே ஏழு மூன்றுகள். அதே ஒன்று. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஆள் மாறியிருக்கிறது, ஆனால் கணக்கு மாறவில்லை! எந்த மூன்று பேர் என்று அந்த எண் கேட்கவே இல்லை. மூன்று என்றால் மூன்று, அவ்வளவுதான். உலகத்தில் இவ்வளவு உறுதியான ஒன்று இருக்கிறதே என்று கூத்தாடிக்கொண்டு போய்ப் புதுச் சித்தியிடம் காட்டினேன்.

அவள் சிரித்துவிட்டாள். “அந்த ஒண்ணு யாருக்கு?”

“ஒங்களுக்குத்தான்.”

“சரி, எழுதிட்டாப் போச்சு” என்றாள். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள், “எல்லாம் முடிய எம்புட்டு நாளாகும்?”

எனக்கு விடை தெரியும். ஆனாலும் அவள் எழுதும் வேகத்தைப் பார்த்துப் புதிதாகப் போட்டால்தான் நியாயம் என்று தோன்றியது. அப்பாவின் கடிகாரத்தை எடுத்துவந்து வைத்தேன். பென்சிலைச் சீவினேன். தாளின் தலையில் முப்பத்து மூன்று லட்சத்தை எழுதத் தொடங்கும்போது, தூங்கிக்கொண்டிருந்ததாக நான் நினைத்த அம்மா கையை நீட்டி என் விரலிலிருந்து பென்சிலை உருவினாள். அடிக்கவில்லை, அதட்டவில்லை.

“அவகிட்டச் சொல்லாத” என்றாள், மெதுவாக.

எனக்கு ஒரே அவமானமாகப் போயிற்று. என் கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கிறது, புது ஆள் முன்னால் அது தெரிந்துவிடுமென்று அம்மா பயப்படுகிறாள் என்று நினைத்தேன். கொல்லைப்பக்கம் போய், ஒரு கரித்துண்டை எடுத்து, சுவரில் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

விடை சரியாகத்தான் இருந்தது.